பெயர் பெற்ற சுவர்களும் பெயர் பெறாத மாந்தரும்

ஆண்டுதோறும் பள்ளி விடுமுறை நெருங்கும் நாள்களில், வட சிலாங்கூரின் தமிழ்ப் பள்ளிகளிலிருந்து பேருந்துகள் தலைநகரை நோக்கிப் புறப்படுகின்றன. பத்தாங் காலி, ரவாங், கோலகுபு பாரு, கோல சிலாங்கூர் ஆகிய ஊர்களின் பிள்ளைகள் மெர்டேக்கா சதுக்கத்தில் வரிசையாக இறங்குகின்றனர். கொடிக்கம்பத்தின் கீழ் நிழற்படம் எடுத்துக் கொள்கின்றனர். சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டை அண்ணாந்து பார்க்கின்றனர். திடலின் வடபால் வெண்சுவருடன் ஒதுங்கி நிற்கும் பழந்தேவாலயத்தை ஏதேனும் ஒரு பிள்ளை சுட்டிக்காட்டி, "அது என்ன சார்?" என்று கேட்குமாயின், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "அது வெள்ளைக்காரன் கட்டின கோயில். வா, நேரமாகிறது."

இவ்விடையிலுள்ள பிழை சிறியதன்று. வரலாறு கற்க அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளை வரலாற்றின் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. சுற்றுலாக் கையேட்டை மனப்பாடம் செய்து வந்த ஆசிரியர், வரைபடம் தீட்டியவர் இன்னார், திருநிலைப்படுத்தியவர் இன்னார், பாணி இன்னது என்று அடுக்கிவிட்டு, "என்ன அழகு பாருங்கள்!" என்று முடித்துக் கொள்கிறார். முதலாமவர் கட்டடத்தைப் பார்க்க மறுக்கிறார். இரண்டாமவர் கட்டடத்தை மட்டுமே பார்க்கிறார். மனிதரைப் பற்றிய பேச்சு இருவரிடத்தும் இல்லை.

செயிண்ட் மேரி பேராலயத்தை முழுமையாகக் கற்பிப்பது தமிழாசிரியரின் கடமை. அப்பாடம் கோலாலம்பூரில் முடிந்துவிடாமல், பத்தாங் காலிக்குத் திரும்பி வந்து முடிய வேண்டும். ஈண்டு வலியுறுத்தப்படுவது இதுவே.

திடலும் தேவாலயமும்

கோலாலம்பூர் தொன்மையான நகரமன்று. 1880ஆம் ஆண்டு சிலாங்கூர் ஆட்சியின் தலைமையிடம் கிள்ளானிலிருந்து இங்கு மாற்றப்பட்டபோது, மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன ஈயச் சுரங்கக் குடியிருப்பாகவே அது இருந்தது. 1881ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தீயும், அவ்வாண்டின் இறுதியில் வெள்ளமும் அதனைப் பாழாக்கின. 1882இல் ரெசிடெண்ட் பொறுப்பை ஏற்ற பிராங்க் சுவெட்டன்ஹம், இனிக் கட்டுவன செங்கல்லாலும் ஓட்டாலும் அமைய வேண்டும் என வற்புறுத்தினார். அதற்கு வேண்டிய செங்கற்சூளைகள் நகரின் தென்பால் எழுந்தன. நகரின் சீனத் தலைவர் யாப் ஆ லோய் அத்தொழிலில் முன்னின்றார். சூளைகள் மறைந்த பின்னரும் பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் நிலைத்தது. பின்னாளில் இருப்புப் பாதையை நம்பி வந்த தென்னாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் குடியேறி வாழ்ந்த இடமும் அதுவே.

ஆங்கிலிக்கன் திருச்சபையினரின் முதல் தேவாலயமும் மரக்கட்டடமே. 1887ஆம் ஆண்டு குன்றின்மேல் எழுந்த அதனைப் பேராயர் ஜார்ஜ் பிரெடரிக் ஹோஸ் திருநிலைப்படுத்தினார். சில ஆண்டுகளிலேயே இடம் போதாமையால், பாடாங் எனப்பட்ட திடலின் ஓரத்தில் செங்கல் தேவாலயம் ஒன்று திட்டமிடப்பட்டது. 1894இல் தொடங்கிய பணி முடிந்து, 1895 பிப்ரவரியில் அதே பேராயரால் அது திருநிலை பெற்றது. வரைபடம் அரசாங்கக் கட்டடக் கலைஞராய் இருந்த ஏ.சி. நார்மனுடையது. பின்னர்க் கூட்டு மலாய் மாநிலங்கள் எனப் பெயர் பெற்ற நிலப்பரப்பில், செங்கல்லால் எழுந்த முதல் தேவாலயங்களுள் இதுவும் ஒன்று. 1970இல் உருவான மேற்கு மலேசிய ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் பேராலயம் இதுவே.

திடலைச் சுற்றி எழுந்த கட்டடங்களை ஒருசேர நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஒருபுறம் அதிகாரிகளும் துரைமாரும் மாலைப் பொழுதைக் கழித்த சிலாங்கூர் சங்கம். எதிர்ப்புறம் அவர்கள் பகற்பொழுதில் அமர்ந்து ஆண்ட அரசாங்க அலுவலகம். வடபுறம் ஞாயிறுதோறும் வழிபட்ட தேவாலயம். நடுவில் அவர்கள் பந்தாடிய புல்தரை. ஆட்சி, களிப்பு, வழிபாடு ஆகிய மூன்றும் ஒரே திடலின் கரையில் அமைந்தன. இத்தனைக்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்னும் வினாவைக் கையேடுகள் எழுப்புவதில்லை. அன்றைய சிலாங்கூர் அரசின் வருவாயில் பெரும்பகுதி ஈயத்தின்மீது விதித்த தீர்வையிலிருந்து வந்தது. அந்த ஈயம் சீனத் தொழிலாளரின் முழங்கால் வரை ஏறிய சேற்றிலிருந்து வந்தது. காப்பித் தோட்டங்களிலும், அவற்றையடுத்து வந்த இரப்பர்த் தோட்டங்களிலும், சாலைப் பணியிலும், இருப்புப் பாதையிலும் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் உழைத்தனர். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றுத் துறைக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியமையால்தான் நகரம் கல்லும் இரும்பும் கண்ணாடியும் காணும் நிலை பெற்றது.

இச்செய்திகளைச் சொல்லாமல் ஆண்டையும் பெயரையும் மட்டும் சொல்லுதல், விளைச்சலைச் சொல்லி உழவனை மறைப்பது போன்றது.

கட்டடம் பேசும் மொழி

பேராலயம் தொடக்க கால ஆங்கிலக் கோதிக் பாணியைச் சார்ந்தது. இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டிலும் செழித்த முறை இது. இதன் உயிர் கூர்வளைவில் இருக்கிறது. அரைவட்ட வளைவு தன்மேல் ஏறும் சுமையை இருமருங்கும் வன்மையாகத் தள்ளும். உச்சியில் கூர்மையாகச் சந்திக்கும் வளைவோ அச்சுமையின் பெரும்பங்கைக் கீழ்நோக்கி இறக்கும். பக்கத் தள்ளல் குறையும். எஞ்சிய தள்ளலைத் தாங்கச் சுவரின் வெளிப்புறத்தே இடையிட்டு முட்டுச்சுவர்கள் எழுப்பப்படும். அவற்றின் நடுவே நீண்டு ஒடுங்கிய சாளரங்கள் அமையும். மேலே செங்குத்தாகச் சரியும் கூரை. உள்ளே மக்கள் அமரும் நீண்ட கூடம். அதன் முடிவில் சற்றே ஒடுங்கிய திருப்பீடப் பகுதி. வாயிலில் நுழைந்தவரின் பார்வை இயல்பாகவே பீடத்தை நோக்கிச் செல்லும் வண்ணம் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருக்கும்.

இதனைக் கற்பிக்கப் பொறியியல் பட்டம் வேண்டுவதில்லை. இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி, கைகளை உயர்த்தி உள்ளங்கைகளை ஒன்றோடொன்று சேர்க்கச் சொன்னால் கூர்வளைவு கிடைக்கும். இருவர் முதுகுக்குப் பின்னும் ஒருவர் நின்று தாங்கினால் முட்டுச்சுவரின் வேலை விளங்கும். அறிவியலும் கணிதமும் வரலாறும் ஒரே நேரத்தில் பாடமாகும் இடம் அது.

இதனினும் ஆழமான பாடம் ஒன்று உண்டு. தேவாலயத்திற்கு வரைபடம் தீட்டிய அதே நார்மனின் பெயர், திடலின் மறுபுறத்தே 1897இல் நிறைவுற்ற அரசாங்க அலுவலகக் கட்டடத்தோடும் இணைந்திருக்கிறது. அதற்கு அவர் முதலில் தீட்டியது ஐரோப்பியச் செவ்வியல் பாணி. பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஸ்பூனர் அதனை ஏற்கவில்லை. இசுலாமியச் சாயல் வேண்டும் என்றார். பிட்வெல் முதலியோர் கைவண்ணம் சேர்ந்து, வட இந்திய மொகலாயக் கட்டடங்களை நினைவூட்டும் குவிமாடங்களும் வளைவுகளும் எழுந்தன. ஒரே அலுவலகம், ஒரே ஆண்டுகள், ஒரே திடல். எனினும் ஆட்சி செய்யும் மாளிகைக்குக் கீழைநாட்டு உடை. தொழுகை செய்யும் ஆலயத்திற்கு இங்கிலாந்தின் உடை.

இம்முரண்பாட்டை விளக்காத ஆசிரியர் அத்திடலில் எதையும் விளக்கியவராகார். ஆளப்படுவோர் கண்ணுக்குத் தன் ஆட்சி இம்மண்ணில் முளைத்தது போலத் தோன்ற வேண்டும் என்று அரசு விரும்பியது. ஞாயிற்றுக்கிழமை காலையிலோ, அவ்வரசின் அலுவலர்கள் தம் சொந்த ஊரில் இருப்பதாக எண்ண விரும்பினர். இவ்விரு விருப்பங்களும் செங்கல்லில் எழுதப்பட்டு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. ஏட்டில் பல பக்கங்கள் படித்தாலும் குடியேற்ற ஆட்சியின் மனப்போக்கை இவ்வளவு தெளிவாகக் காண்பதரிது.

"வேற்றார் கோயில்" என்னும் வாதம்

தமிழ்ப் பிள்ளைக்குத் தேவாலயம் எதற்கு, அது வேற்றார் சமயம், வேற்றார் கலை என்று கூறுவோர் ஆசிரியருள்ளும் இருக்கின்றனர். இவ்வாதம் ஒரு நொடியும் நிற்காது.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை வியப்பதற்குச் சைவராய்ப் பிறந்திருத்தல் வேண்டும் என எவரும் விதித்ததில்லை. நாகூர்த் தருகாவின் உயர்ந்த மினாராக்களைக் காண இசுலாமியராய் இருக்க வேண்டுவதில்லை. கலையறிவுக்குச் சமய நுழைவுச் சீட்டு கேட்கும் வழக்கம் தமிழ் மரபில் இல்லை. சமணரும் பௌத்தரும் யாத்த காப்பியங்களைத் தம் காப்பியங்களாகவே போற்றி வரும் மக்கள் தமிழர்.

இன்னும் வியப்புக்குரியது, இவ்வாதத்தைக் கூறும் ஆசிரியரே வகுப்பறையில் வீரமாமுனிவரின் தேம்பாவணியை நடத்துகிறார். கிருட்டிணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தின் சிறப்பைச் சொல்கிறார். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பெருமிதத்தோடு எடுத்துரைக்கிறார். அக்கால்டுவெல், திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஊராகிய இடையன்குடியில் கோதிக் பாணியில் தேவாலயம் ஒன்றை எழுப்பினார் என்பதை எத்தனை ஆசிரியர் மாணவர்க்குச் சொல்கின்றனர்? 1847இல் தொடங்கிய அப்பணி 1880இல்தான் நிறைவெய்தியது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! கூர்வளைவைக் கண்டும் கேட்டும் அறியாத ஊரில் அதனை எழுப்பிய கைகள் தமிழ்க் கொத்தரின் கைகள். அத்தேவாலயத்திலேயே கால்டுவெல் அடக்கம் செய்யப்பட்டார். இலக்கணத்தைத் தமிழர் உடைமையாக ஏற்றுக்கொண்டு, அவ்விலக்கண ஆசிரியர் எழுப்பிய சுவரை மட்டும் வேற்றார் உடைமை எனத் தள்ளுவது எவ்வகை நியாயம்?

தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் எழுந்தது. அதனைக் கட்டிய சீகன்பால்குவின் முயற்சியால் புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சேறியிருந்தது. 1719இல் மறைந்த அவர் அவ்வாலயத்தினுள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். தமிழ் அச்சின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் அவ்வாலயத்தைச் சுற்றிக்கொண்டு செல்ல வழியில்லை.

கடல் கடந்து தேட வேண்டியதும் இல்லை. கோலாலம்பூரிலேயே புடுவில் செயிண்ட் அந்தோணியார் ஆலயம் 1910இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்தது. பிரிக்பீல்ட்ஸில் லூத்தரன் திருச்சபையின் சீயோன் ஆலயம் 1924இல் எழுந்தது. தமிழ்நாட்டுத் தமிழ்ச் சுவிசேஷ லூத்தரன் திருச்சபையின் கிளையாக இந்நாட்டில் வேரூன்றியவர்கள் அதனைத் தமிழ் வழிபாட்டு இடமாக வளர்த்தனர். இவற்றை வெள்ளையரின் கோயில்கள் என்று எவரால் சொல்ல இயலும்? பால்மரம் வெட்டியவரும், இரயில் ஓட்டியவரும், மருத்துவமனையில் பணி செய்தவரும் தமிழில் பாடித் தொழுத இடங்கள் இவை. செயிண்ட் மேரியின் கூர்வளைவைக் கண்டறிந்த பிள்ளைக்கே இவற்றின் அமைப்பையும் ஒப்புநோக்கும் கண் வாய்க்கும். ஒன்றை மறுப்பவர் மற்றவற்றையும் இழக்கிறார்.

ஆர்கன் சுமக்கும் பெயர்

இனி இரண்டாம் கூட்டத்தார், அழகை மட்டும் போற்றுவோர். அவர்களை நிறுத்த வேண்டிய இடம் பேராலயத்தின் குழாய் ஆர்கன்.

அவ்விசைக் கருவியை 1895இல் செய்தவர் ஹென்றி வில்லிஸ். இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் ஆர்கனைச் செய்த புகழ்பெற்ற வினைஞர் அவரே. பின்னர்ப் பெரிதும் புதுக்கப்பட்ட அக்கருவி இன்று சர் ஹென்றி கர்னியின் நினைவுக்கு உரித்தாக்கப்பட்டுள்ளது. மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையராய் இருந்த கர்னி, 1951 அக்டோபர் 6ஆம் நாள், கோலகுபு பாருவுக்கு அப்பால் பிரேசர் மலைக்குச் செல்லும் சாலையில் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களின் பதுங்கித் தாக்குதலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கையேடுகள் இதனை ஒரு வரியில் சொல்லி மேற்செல்லும். பத்தாங் காலியிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்த ஆசிரியர் அவ்வரியோடு மேற்செல்லலாகாது.

கர்னி அப்பதவியை ஏற்றது 1948 அக்டோபரில். அதற்கு இரண்டு மாதங்கள் கழித்து, 1948 டிசம்பர் 11, 12ஆம் நாள்களில், பத்தாங் காலியை அடுத்த சுங்கை ரெமோக் இரப்பர்த் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவினர் ஆயுதமற்ற 24 ஆடவரைச் சுட்டுக் கொன்றனர். அனைவரும் சீனர். பெண்களும் பிள்ளைகளும் லாரியில் ஏற்றி அகற்றப்பட்டனர். குடியிருப்பு கொளுத்தப்பட்டது. தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் என்பது அன்றைய அரசின் விளக்கம். 1970இல் அப்படையைச் சேர்ந்த சிலரே பிரிட்டிஷ் ஞாயிறு இதழ் ஒன்றின் வாயிலாக அவ்விளக்கத்தை மறுத்தனர். அதன்பின் தொடங்கிய விசாரணை அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. இறந்தோரின் குடும்பத்தார் தளராமல் இலண்டன் நீதிமன்றங்கள் வரை சென்றனர். 2015 நவம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், பொது விசாரணைக்கு ஆணையிட இயலாது என்று தீர்ப்பளித்தது.

இரு நிகழ்ச்சிகளும் ஒரே உலு சிலாங்கூர் வட்டாரத்தைச் சார்ந்தவை. இரண்டுக்கும் இடையில் மூன்றாண்டு கூட நிறையவில்லை. ஒருவர் பெயரை நகரின் நடுவே இசை சுமக்கிறது. இருபத்து நால்வருக்காக அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடல் கடந்து நீதிமன்றப் படியேறி வெறுங்கையோடு திரும்பினர்.

ஈண்டு ஒரு தெளிவு வேண்டும். இதனால் பேராலயத்தின்மீதோ அங்கு வழிபடுவோர்மீதோ பழி சுமத்தப்படவில்லை. கொலையுண்ட ஒருவருக்காக வழிபாட்டு இடம் நினைவு வைப்பது மனிதப் பண்பே. கர்னியும் வன்முறைக்கு இரையானவரே. அவரை நினைத்தல் குற்றமன்று. அவரை மட்டும் நினைத்தலே குற்றம். அக்குற்றத்தைச் செய்வது அந்த ஆர்கன் அன்று. அதன்முன் நின்று பாதி வரலாறு சொல்லும் ஆசிரியரே செய்கிறார்.

"இறந்தோர் சீனர், தமிழர்க்கு இதில் என்ன?" என்று கேட்போரும் உளர். அவ்வினா வெட்கத்திற்குரியது. அவர்கள் இரப்பர்த் தோட்டத்தில் பிழைத்த மக்கள். அந்த அவசரகாலத்திலேதான் சுமார் ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். அதே காலத்திலேதான் தமிழ்த் தொழிலாளரின் லயங்களும் ஒன்று திரட்டப்பட்டு முள்வேலியால் சூழப்பட்டன. வேலிக்குள் இருந்து, அரிசி அளந்து கொடுக்கப்பட்ட நாள்களைச் சொல்லிச் சென்ற முதியோர் இவ்வட்டாரத் தமிழ்க் குடும்பங்களிலும் இருந்தனர். பக்கத்துத் தோட்டத்தில் சிந்திய குருதியை வேற்றினக் குருதி என ஒதுக்குவோர், தம் பாட்டன் பாட்டியர் பட்டதையும் பிறர் ஒதுக்கும்போது முறையிட உரிமையற்றவராவர்.

வீட்டில் அழியும் வரலாறு

இதுவரை கூறியன பிறர் செய்த மறதி. இனிச் சொல்வது தமிழ்ச் சமுதாயம் தனக்குத்தானே செய்துகொள்ளும் மறதி.

செயிண்ட் மேரி பேராலயத்தைப் பற்றி இத்தனை செய்திகள் கிடைப்பது எவ்வாறு? யார் வரைந்தார், எந்த ஆண்டு தொடங்கிற்று, ஆர்கன் செய்த கை எது என்பனவெல்லாம் எழுதி வைக்கப்பட்டன. அக்கட்டடத்தை உடையோர் எழுதினர், காத்தனர், வழிவழியாகக் கைம்மாற்றினர். அவர்கள் ஆண்டோர் என்பது உண்மையே. ஆயினும் எழுதி வைப்பதற்கு ஆட்சி வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் போதும்.

வட சிலாங்கூரின் தோட்டங்களை நோக்குக. இரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்பு மனையாயிற்று. லயங்கள் இடிந்தன. தோட்டப் பள்ளிகள் இடம் பெயர்ந்தன. சில பெயரில் மட்டும் தோட்டத்தைச் சுமந்துகொண்டு ஊருக்குள் நிற்கின்றன. மாரியம்மன் கோயில்களும், முனீசுவரர் மேடைகளும், தகரக் கூரையிட்ட சிறு சிலுவைக் கோயில்களும் தோட்டத்தோடு போயின. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்னியாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் தொழிலாளர் ஒரு சொந்த வீட்டிற்காகப் பல பத்தாண்டுகள் போராட நேர்ந்தது. நகரில் மேரியின் பெயரால் நிற்கும் ஆலயத்தின் சுவர் ஒவ்வொன்றும் அளந்து எழுதப்பட்டிருக்கிறது. அப்பெயரையே தாங்கிய தோட்டத்தின் லயத்தை எவரேனும் அளந்து எழுதினரா? ஓர் அறையின் நீள அகலம் எவ்வளவு, அதில் எத்தனை பேர் உறங்கினர், அடுப்பு எங்கிருந்தது, தண்ணீர்க் குழாய் எத்தனை குடும்பத்திற்கு ஒன்று என்று எந்தப் பள்ளியின் ஏட்டிலேனும் உண்டா?

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடங்களையும் இடங்களையும் மரபுச் செல்வங்களாக அறிவித்துக் காக்க வழி வகுத்துள்ளது. ஆனால் சட்டத்தின்முன் சென்று நிற்க ஆவணம் வேண்டும். எப்போது கட்டியது, யார் கட்டியது, என்ன சிறப்பு என்று எழுதிக் காட்ட வேண்டும். மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பின்னர் கண்ணீர் விடுவோர் ஆயிரவர். அதற்கு முன்னர் ஒரு வரைபடம் தீட்டி வைத்தோர் எத்தனை பேர்? இடித்தவரைக் குறை கூறுவது எளிது. எழுதாதவரைக் குறை கூறுவதே இன்று தேவை. ஊரில் எழுதத் தெரிந்தோர் என்று மக்கள் நம்பிய முதற்கூட்டத்தார் ஆசிரியர்களே. எனவே பழியின் பெரும்பங்கு ஆசிரியர்க்கே உரியது.

செய்ய வேண்டுவன

"பாடத்திட்டத்தில் இடமில்லை, தேர்வுக்கு வராது" என்பது வழக்கமான சாக்கு. தொடக்கப் பள்ளிகளின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, சாக்கு மட்டும் போகவில்லை. அளத்தல் கணிதத்தில் இருக்கிறது. நேர்காணல் மொழிப்பாடத்தில் இருக்கிறது. நாட்டின் வரலாறு வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது. இடம் இல்லை என்பது உண்மையன்று. மனம் இல்லை என்பதே உண்மை.

முதலாவதாக, தலைநகருக்குச் செல்லும் பிள்ளைகள் நிழற்படக் கருவியோடு மட்டும் செல்லலாகாது. வழிபாட்டிற்கு இடையூறின்றி, உரியோரிடம் முன்னரே இசைவு பெற்று, பேராலயத்துள் அமைதியாக அமர்ந்து, ஒரு சாளரத்தையேனும் தம் கையால் வரைய வேண்டும். வளைவு எங்கே தொடங்குகிறது, சுவர் எங்கே தடிக்கிறது, ஒளி எப்பக்கமிருந்து வருகிறது என்று எழுத வேண்டும். அடுத்துத் திடலைக் கடந்து, எதிர்க்கட்டடத்தின் வளைவு ஒன்றை வரைந்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயே, அத்திடலிலேயே, 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியதையும் ஆசிரியர் சொல்ல வேண்டும். கர்னியின் பெயரைச் சொல்லும் நாவினால் சுங்கை ரெமோக்கையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, அதே கண்ணோடும் அதே குறிப்பேட்டோடும் பிள்ளைகள் தம் ஊரில் இறங்க வேண்டும். எஞ்சி நிற்கும் பழங்கோயில், தேவாலயம், பள்ளிக் கட்டடம், லயம், பால் கொட்டகை ஆகியவற்றுள் ஒன்றை ஒவ்வொரு பள்ளியும் ஓர் ஆண்டிற்கு எடுத்துக்கொள்ளலாம். நீள அகலத்தை நாடாவால் அளக்கலாம். வாயில் நோக்கும் திசை, தூண்களின் எண்ணிக்கை, சுவர் பலகையா செங்கல்லா, கூரை அத்தாப்பா தகரமா ஓடா என்பன குறிக்கலாம். கொடையாளர் பெயர்ப்பலகை இருப்பின் எழுத்துப் பிழையோடும் அப்படியே பெயர்த்து எழுதலாம். பலகையில் இடம்பெறாதோர் பெயரை முதியோரிடம் கேட்டு அதன் கீழ் எழுதலாம்: மண் சுமந்த பெண், மரம் அறுத்தவர், சம்பளத்தில் மாதம் ஒரு வெள்ளி கொடுத்தவர், விழா நாளில் உறுமி கொட்டியவர். நார்மன் போன்றோர் பெயரைக் காக்க அரசு உண்டு. இவர்கள் பெயரைக் காக்க அந்தக் குறிப்பேடன்றி வேறு துணையில்லை.

மூன்றாவதாக, அவ்வேடுகள் பள்ளி அலமாரியில் கறையானுக்கு உணவாகலாகாது. படி எடுத்து ஒன்றைப் பள்ளியிலும், ஒன்றைக் கோயிலிலோ ஆலயத்திலோ, ஒன்றைத் தமிழ் எழுத்தாளர் அமைப்புகளிடத்தும் வைக்க வேண்டும். கவிதைப் போட்டிக்கும் சிறுகதைப் போட்டிக்கும் பரிசு வழங்கும் அவ்வமைப்புகள், இத்தகைய ஊர் ஏடுகளுக்கும் ஒரு பரிசு ஒதுக்குதல் பெரும் பொருட்செலவன்று. கதை எழுதத் தெரிந்த சமுதாயம் கணக்கும் எழுதக் கற்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் அமைச்சின் ஆணை தேவையில்லை, மானியமும் தேவையில்லை. ஓர் ஆசிரியர் மனம் வைத்தால் போதும்.

செயிண்ட் மேரி பேராலயம் நன்கு கட்டப்பட்ட கட்டடம். அதனைக் கண்டு மகிழ்தலில் தவறில்லை. அதன் சுவர் காக்கப்பட்டது போலவே அதன் செய்திகளும் காக்கப்பட்டன என்பதே அது தமிழ்ச் சமுதாயத்திற்குக் கற்பிக்கும் முதற்பாடம். யாருடைய பெயர் அங்கு எழுதப்பட்டது, யாருடைய பெயர் எழுதப்படவில்லை என்று கேட்கத் துணிதல் இரண்டாம் பாடம். அக்கேள்வியைத் தன் தோட்டத்தின் கோயில் வாசலிலும் பள்ளி வாசலிலும் நின்று கேட்டு, விடையைத் தானே எழுதுதல் மூன்றாம் பாடம்.

அடுத்த விடுமுறையிலும் பேருந்துகள் புறப்படும். ஒரு பிள்ளை அத்தேவாலயத்தைச் சுட்டிக்காட்டி, "அது என்ன சார்?" என்று மீண்டும் கேட்கும். அப்போது ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்கலாகாது. பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு அவ்வாயிலை நோக்கி நடக்க வேண்டும்.